பெட்டியோடு வரும் வாசகர்

டுரியான் ஜூலையில் வரும். மழை நவம்பரில் வரும். பள்ளிக்கூடங்களை அடைத்துவிட்டு, அரசாங்க ஊழியர்களின் மிச்சம் மீதி லீவையெல்லாம் எடுத்துத் தீர்க்கச் சொல்லும் டிசம்பர் பிறந்ததும் ஆண்டிறுதி வாசகர் வருவார். அவரை உங்களுக்குத் தெரியும். பெயர் மட்டும் தெரிந்திருக்காது.

அவர் ஆண்டு முழுவதும் புத்தகம் வாங்குவார். ஆண்டு முழுவதும் படிக்கமாட்டார். மார்ச்சில் கேட்டால், "டிசம்பருக்கு வச்சிருக்கேன்" என்பார். ஆகஸ்டில் கேட்டாலும் அதே பதில்தான், இன்னும் கொஞ்சம் பெருமையோடு. படிப்பது என்ன, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கச்சான் கடலை கொறிப்பது போன்ற காரியமா? அதற்கு மனம் வேண்டும், அமைதி வேண்டும், சாய்வு நாற்காலி வேண்டும், மழை வேண்டும், மழைக்கு ஏற்ற தேநீர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, வேளாவேளைக்குச் சோறு போடுவதற்கு இன்னொருவர் வீடு வேண்டும். கடைசியாகச் சொன்னதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெட்டியோடு வந்து இறங்கிவிடுவார்.

அப்படித்தான் 1984ஆம் ஆண்டு டிசம்பர் எட்டாம் தேதி, ஒரு சனிக்கிழமை, சிவானந்தம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் வந்து இறங்கினார். கோல சிலாங்கூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. வயது நாற்பது. கல்யாணம் செய்துகொள்ளாததற்குப் புத்தகங்கள்தான் காரணம் என்பார். பெண் பார்க்கப் போன இடங்களில் வேறு காரணம் சொல்கிறார்கள். கெர்லிங்குக்கு உள்ளே ஆறு மைல் தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்தில் அவருடைய அக்காள் திலகம் இருக்கிறார். அக்காள் புருஷன் இராமையா, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். அவர்களுடைய ஒரே மகள் கலாவதி. அடுத்த வீட்டில் நானும் என் மனைவி ரோசரியும். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கொர்னேலியஸ் வாத்தியார் என்றால் கெர்லிங் வரைக்கும் தெரியும்.

சிவானந்தத்திடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. சின்னதில் துணி. பெரியதில் புத்தகம். பெரியதை இராமையா லோரியிலிருந்து இறக்கி, தோளில் வைத்து, சேற்றில் வழுக்காமல் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சிவானந்தம் பின்னாலேயே குடை பிடித்து வந்தார். குடை பெட்டிக்கு.

"எத்தன புத்தகம் மச்சான்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் இராமையா.

"இருபத்து நாலுதான் அத்தான். ரெண்டு வாரத்துக்கு அதுக்கு மேல தாங்காது."

புத்தகத்தை அடுக்க மேசை வேண்டும். அந்த வீட்டில் ஒரே மேசைதான் இருந்தது; அதன்மேல் திலகத்தின் தையல் மிஷின். பொங்கலுக்கு ரவிக்கை தைக்கச் சொல்லி லயத்துப் பெண்கள் கொடுத்திருந்த துணிகள் அதைச் சுற்றிக் குவிந்திருந்தன. மிஷின் அடுப்படி மூலைக்குப் போயிற்று. துணிகள் கட்டிலுக்கு அடியில் போயின. அடுப்படியில் வெளிச்சம் இல்லாததால் தையல் நின்றது. அப்புறம் ரேடியோ. மாலையில் தமிழ் ஒலிபரப்பில் வரும் தொடர் நாடகத்தை ஒரு நாள் தவறாமல் கேட்கிறவர் திலகம். "அக்கா, அந்தச் சத்தம் வேணாம். எழுத்து கலையுது" என்றார் தம்பி. ரேடியோ நின்றது. முற்றத்துக் கோழிகளை இராமையா கூண்டில் அடைத்தார். சாய்வு நாற்காலி என் வீட்டிலிருந்து போனது. இனிப் படிப்பதுதான் பாக்கி.

உடனே படித்துவிட்டால் அவர் என்ன வாசகர்? முதல் இரண்டு நாள் சடங்கு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பழுப்புத்தாள் அட்டை போடவேண்டும். உள்பக்கத்தில் பெயர், தேதி, ஊர் எழுதவேண்டும். நடுவில் விரித்து மூக்கை நுழைத்து, கண்ணை மூடி, மோந்து பார்க்கவேண்டும். மோந்தபின் எதிரே இருப்பவரிடமும் நீட்டவேண்டும். "மோந்து பாருங்க வாத்தியார். பழைய அச்சு மை. இப்பல்லாம் இது கெடைக்காது." மோந்தேன். துணிப்பெட்டியில் போடும் பாச்சான் உருண்டை வாசம் வந்தது. "ஆமாம்" என்றேன்.

மூன்றாம் நாள் படிக்க ஆரம்பித்தார். கால்மணி நேரம் படித்தார். அதன் பிறகு புத்தகத்தை மார்பில் கவிழ்த்து, கூரையைப் பார்த்து, "என்னா எழுத்து" என்று பெருமூச்சு விட்டார். பெருமூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறட்டையாயிற்று. எழுந்ததும் தே ஓ, பால் விடாத தேநீர். தே ஓ முடிந்ததும் வேறு புத்தகம். ஏன் இன்னொன்று என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. "நாம புத்தகத்த எடுக்கறதில்ல வாத்தியார். அதுதான் நம்மள கூப்புடுது." ஒரு நாளைக்கு நான்கைந்து கூப்பிட்டன.

இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய கணக்குச் சொல்வார். "இன்னிக்கு ரெண்டு முடிச்சேன்." இராமையா சோற்றைப் பிசைந்தபடி தலையை ஆட்டுவார். ஒரு நாளைக்கு இரண்டு புத்தகம் முடிக்கிற மனிதன் தன் வீட்டில் சாப்பிடுகிறான் என்பதில் அவருக்கு உண்மையாகவே பெருமை. விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்க முரசடிக்கும் மைதானத்தில் மற்ற மண்டோர்களிடமும் சொன்னார்.

இந்த வாசகர் இனத்துக்கு ஒரு கொள்கை உண்டு. அதைச் சொல்லாமல் விடமுடியாது. பக்கத்தின் முனையை மடிக்கவே மாட்டார்கள். மடிப்பவனைக் கண்டால் பிள்ளையை அடிப்பவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். நிறுத்திய இடத்தில் அடையாளத்துக்கு ஏதாவது வைப்பார்கள். எது கைக்கு எட்டுகிறதோ அது.

பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, தோட்டத்து ஆபீசுக்குப் பழுப்பு உறையில் கலாவதிக்கு ஒரு கடிதம் வந்தது. தாதிப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, கோலாலம்பூரில். அவள் விண்ணப்பம் போட்டது அது மூன்றாவது முறை. மூன்று தடவையும் விண்ணப்பத் தாளை நிரப்ப நானும் கூட உட்கார்ந்திருக்கிறேன். முதல் இரண்டுக்குப் பதிலே இல்லை. பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த அந்தப் பெண் ஒரு வருஷமாகச் செம்பனை நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் வரவில்லை என்றால் தை மாதம் கல்யாணம் என்று இராமையா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை ராசா என்ற ஊரில் தயாராக இருந்தார்.

கடிதம் மலாயில் இருந்தது. கலாவதி ஒரு மூச்சில் படித்துவிட்டாள். இருந்தாலும் இராமையா, "மாமாகிட்ட குடும்மா. கவர்மெண்ட் ஆளு. ஒரு தடவ பாக்கட்டும்" என்றார்.

சிவானந்தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தேதியையும் நேரத்தையும் அவளுக்கே திரும்பச் சொன்னார். கடைசி வரியில் விரலை வைத்து, "இந்தக் கடிதத்தை அவசியம் கொண்டு வரணும்னு போட்டிருக்கான். இதுதான் முக்கியம். இது இல்லாம உள்ள விடமாட்டான்" என்று எச்சரித்தார்.

"நான் பைல்ல வச்சிக்கிறேன் மாமா."

"பைல்ல வச்சா தொலைஞ்சிடும். எங்கிட்ட இருக்கட்டும்."

மறுநாள் என்னை வேலியோரம் கூப்பிட்டு ஒரு புத்தகத்தை நீட்டினார். "வாத்தியார், இத நான் ரெண்டு தடவ படிச்சிட்டேன். இதப் படிக்காத மனுசன்கூட பேசறதே கஷ்டமா இருக்கு." முந்நூற்று நாற்பது பக்கம். வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் வேலியோரம் விசாரணை. "எங்க வந்திருக்கீங்க?" செவ்வாய்க்கிழமை காலையில், "பாதிக்கு வந்தாச்சு. அருமைலா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "பாதிக்கு மேலதான் இருக்கு வாத்தியார், விஷயமே."

அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கலாவதி சட்டையை இஸ்திரி போட்டு, சான்றிதழ்களைப் பைலில் அடுக்கிவிட்டு, "மாமா, அந்த லெட்டர்" என்று கேட்டாள்.

"புத்தகத்துல இருக்கு."

"எதுல மாமா?"

சிவானந்தம் மேசையைப் பார்த்தார். பழுப்புத்தாள் அட்டை போட்டால் எல்லாப் புத்தகமும் ஒரே முகம். "படிச்சிக்கிட்டிருந்ததுல" என்றார்.

"எத படிச்சிக்கிட்டிருந்தீங்க?"

"எல்லாத்தையும்தான்."

இராமையா என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது சிவானந்தம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, கடைசி அத்தியாயத்தில் மட்டும் தேடிக்கொண்டிருந்தார். ஏன் கடைசி அத்தியாயம்? எல்லாவற்றையும் முடித்துவிட்டதாகச் சொன்னவர் வேறு எங்கே தேடமுடியும்? கலாவதி ஒன்றைத் தூக்கி உதறப் போனாள். "உதறாதே, தையல் விட்ரும்" என்று பிடுங்கிக்கொண்டார். இப்படியே அரைமணி நேரம் போயிற்று.

"மச்சான்," என்றார் இராமையா, "நாலரைக்கு ஆபீச அடைச்சிருவாங்க. லெட்டர் காணோம்னா இப்பவே ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லி கோலாலம்பூருக்கு போன் போட்டுக் கேக்கணும்."

"அவசரப்படாதீங்க அத்தான். புத்தகத்துக்குள்ள போனது எங்கயும் போகாது."

கலாவதி அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க எழுந்திருங்க மாமா. நான் தேடறேன். உதற மாட்டேன். உங்க அடையாளத்த அதே எடத்துல திரும்ப வச்சிடறேன்." பிறகு என்னிடம், "சார், நான் பக்கம் சொல்றேன், நீங்க எழுதிக்கங்க. மாறிடக்கூடாது" என்றாள்.

அந்தப் பெண் இதைக் கேலியாகச் செய்யவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். மாமா கோபித்துக்கொள்வாரே என்றுதான் செய்தாள். அதனால்தான் அது அவ்வளவு மோசமாகப் போயிற்று.

"பக்கம் ஒம்பது. பஸ் டிக்கட்."

எழுதினேன்.

"பக்கம் பதினாலு. சலவைக்கடைச் சீட்டு."

"பக்கம் ஆறு. கோழி றெக்க."

"பக்கம் பதினேழு. தீக்குச்சி."

மூன்று பாகமாக வந்த சரித்திர நாவல் ஒன்று இருந்தது. முதல் பாகத்தில் பத்தொன்பதாம் பக்கம், இரண்டாம் பாகத்தில் மூன்றாம் பக்கம், மூன்றாம் பாகத்தில் முன்னுரை. இதைப் பற்றித்தான் அவர் திங்கட்கிழமை இரவு இராமையாவிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தார். கலாவதியின் குரல் போகப்போகச் சிறுத்தது. அவளுக்கும் புரிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் நிறுத்தினால் புரிந்துவிட்டதாகத் தெரிந்துவிடும் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். இராமையா தரையைப் பார்த்தார். திலகம் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிவானந்தம் சன்னல் வழியாக மழையைப் பார்த்தார். அப்போது மழை இல்லை.

அதிகபட்சம் இருபத்திரண்டாம் பக்கம். அந்தப் புத்தகத்தில் இருபது பக்கம் வரை படம்.

கடிதம் மட்டும் கிடைக்கவில்லை. என் பட்டியலை எண்ணிப் பார்த்தாள் கலாவதி. "இருபத்து மூணுதான் இருக்கு. நீங்க இருபத்து நாலுன்னீங்களே மாமா."

சிவானந்தம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

எழுந்து என் வீட்டுக்குப் போனேன். புத்தகம் அடுப்படியில் இருந்தது. கிறிஸ்துமஸ் கேக்கை ஆறவைக்க ரோசரி அதைத் தட்டுக்கு அடியில் கொடுத்திருந்தாள். "என்ன, இப்பதான் படிக்கணும்னு தோணுச்சா?" என்றாள். கேக்கைத் தூக்கி வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். நான்கு நாளில் அதை நான் திறந்தது அதுதான் முதல் தடவை. பதினாறாம் பக்கத்தில் பழுப்பு உறை பத்திரமாக இருந்தது.

என் அடுப்படிக்கும் அவர்கள் வாசலுக்கும் இருபதடி தூரம். அந்த இருபதடியில் ஒரு மனிதன் என்னவெல்லாம் யோசிக்கமுடியும் என்று உங்களுக்குத் தெரியாது. பாதிக்கு வந்தவன் பதினாறாம் பக்கத்தைத் தாண்டாமலா வந்தான்? பொய் சொல்லக்கூடாது என்று முப்பது பிள்ளைகளுக்கு வருஷம் பூராவும் பாடம் நடத்துகிறவன் நான். கடிதத்தை உருவி, பாதிக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. கையில் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன்.

"கெடைச்சிடுச்சு. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல இருந்துச்சு. நான் இன்னும் அதுவரைக்கும் வரல, அதான் பாக்கல."

சிவானந்தத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கேட்காமலே நான் அவருக்கு இருநூறு பக்கம் தானம் செய்திருக்கிறேன் அல்லவா? "ஆமா, அங்கதான் வச்சேன்" என்றார். "அந்த அத்தியாயம் அபாரம்."

"அபாரம்" என்றேன் நானும், அதுவரைக்கும் வரவில்லை என்று இப்போதுதான் சொன்னதை மறந்து.

கலாவதி கடிதத்தை வாங்கி, பிரித்துப் பார்த்து, பைலுக்குள் வைத்து, பைலை மூடினாள். பிறகு, அடையாளத்துக்கு வேறு சீட்டு வைக்கலாம் என்று புத்தகத்தை எடுத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடினாள். அவள் கை ஓரிடத்தில் நின்றது.

"சார், இருநூத்தி எட்டுலேருந்து இருநூத்திப் பதினாறு வரைக்கும் ஓரம் வெட்டவே இல்ல. அச்சுலயே விட்டுட்டாங்க. ஒட்டிக்கிட்டு இருக்கு."

வகுப்பில் கணக்குப் புரியாத மாணவி கேட்பதுபோலத்தான் கேட்டாள். இராமையா எழுந்து, கோழிக் கூண்டைத் திறந்துவிட வெளியே போனார்.

திலகம் உள்ளே வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "பதினோரு நாளா நான் ரேடியோ போடல, தம்பி" என்றார். அவ்வளவுதான். மேசையிலிருந்த புத்தகங்களை நாலைந்தாகச் சேர்த்து அள்ளிப் பெட்டிக்குள் வைத்தார். தையல் மிஷினைத் தூக்க நானும் ஒரு கை கொடுத்தேன். சிவானந்தம் மறு கை கொடுக்க வந்தார். திலகம் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்கவும் இல்லை.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் இராமையா மகளைக் கூட்டிப் போனார். சிவானந்தமும் அதற்கு மறுநாள் கிளம்பிவிட்டார், லீவு இன்னும் இரண்டு நாள் இருந்தும். போகும்போது அந்த இருபத்து நாலாவது புத்தகத்தைக் கலாவதியிடம் கொடுத்து, "வச்சிக்கம்மா" என்றார். அது மன்னிப்பு என்று அவளுக்குப் புரிந்தது. வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரியில் பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ராசா மாப்பிள்ளை வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார். விடுதிக்குப் போகும்போது அவள் அந்தப் புத்தகத்தையும் கொண்டுபோனாள் என்று திலகம் சொன்னார். ஒட்டியிருந்த தாள்களைக் கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாகக் கிழித்துப் படித்தாளாம்.

ஏப்ரலில் நாலு நாள் லீவில் அவள் வந்தபோது, அவளைப் பார்க்கவென்று கோல சிலாங்கூரிலிருந்து சிவானந்தமும் வந்திருந்தார். எல்லோருக்கும் தே ஓ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "கத நல்லா இருந்துச்சு மாமா. கடைசிதான் சரியில்ல. அந்தப் பொண்ண சாகடிச்சிருக்க வேணாம்" என்றாள்.

"இல்லம்மா," என்றார் சிவானந்தம். "அவ செத்தாத்தான் கதைக்கு ஒரு கனம் வருது."

"வேற வழியே இல்ல ஆசிரியருக்கு" என்றேன் நான்.

அரைமணி நேரம் இருவரும் மாறிமாறி விளக்கினோம். வாழ்க்கையின் அவலம் என்றார் அவர். சமுதாயத்தின் குற்றம் என்றேன் நான். கலாவதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அவ சாகல மாமா. கல்யாணம் பண்ணிக்கிட்டு ரெண்டு பிள்ளையோட இருக்கா. நான் சும்மா சொல்லிப் பாத்தேன்."

உள்ளேயிருந்து திலகம் சிரிப்பது கேட்டது. அந்த வீட்டில் நான் கேட்ட நல்ல சிரிப்புகளில் அது ஒன்று.

இவ்வளவையும் எழுதி முடித்ததும் முதலில் சிவானந்தத்திடம்தான் படிக்கக் கொடுத்தேன். நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. என் கையெழுத்துப் பிரதியில் அவர் பெயர் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. முதல் பக்கத்தைப் படித்தார், தொடையில் தட்டிச் சிரித்தார், "பிரமாதம் வாத்தியார். ஈஜோக் டவுன்ல எனக்கு ஒருத்தரத் தெரியும், அப்படியே அவரேதான்" என்று சொல்லிவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

நீங்களும் இதற்குள் யாரையாவது நினைத்துச் சிரித்திருப்பீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவராகத்தான் இருக்கும். அவரும் இதே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு இப்போது சிரித்துக்கொண்டிருக்கிறார். யாரை நினைத்து என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.